யோசிப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்

ஒரு துணிக்கடையில் வேலைபார்க்கும் பெண் வேட்டிகளில் அளவு தெரிய நூல் கட்டிவைத்ததையும், மேற்பார்வையாளர் அதைக் கத்தரித்ததையும் போன வாரம் எழுதியிருந்தேன். எந்தக் கடை என்று தனிச்செய்தியில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அந்த மேற்பார்வையாளர் அவளிடம் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை: "உனக்குச் சம்பளம் யோசிக்கவா கொடுக்கிறோம்?"

ஆமாம் ஐயா, அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள்.

நாலு முழத்துக்குச் சிவப்பு நூல், எட்டு முழத்துக்குப் பச்சை. அந்தப் பிள்ளை செய்தது இவ்வளவுதான். விரித்துக் காட்டி மறுபடி மடிக்கும் வேலை மிச்சம். வாங்க வந்தவர்கள் முன்னாலேயே மேற்பார்வையாளர் ஒவ்வொரு நூலாகக் கத்தரித்துப் போட்டார். அவள் குனிந்து துண்டு நூல்களைப் பொறுக்கினாள்.

ஆளாளுக்கு ஒன்று செய்தால் கடை நடக்குமா என்பீர்கள். நியாயம்தான். தனியே கூப்பிட்டு, "இது சரிவராதும்மா" என்று சொல்லியிருக்கலாமே. கத்தரிக்கோல் எதற்கு?

பத்து யோசனையில் ஒன்பது வீண் என்பீர்கள். 1968-இல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் உறுதியான பசை செய்யப்போய், இழுத்தால் கையோடு வந்துவிடும் பசையைச் செய்துவைத்தார். அதுவும் வீண்தான். 1974-இல் உடன் வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள் நழுவுகிறதே என்று அந்தப் பசையை நினைத்தார். உங்கள் மேசையில் இருக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள் அப்படி வந்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் பத்தமடையில் கோரையை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, நூலிழைபோலக் கிழித்துப் பட்டுப்பாய் நெய்கிறார்கள். அதை முதலில் யோசித்தவர் தண்ணீரில் கைவைத்தவராகத்தான் இருப்பார். என் அம்மா ஒருமுறை சாயக் கோரையை மாற்றிப் போட்டுப் புதிதாக ஒரு கரை நெய்தார். "சொன்னதை நெய்" என்று வியாபாரி திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் அவரே அந்தக் கரையைத் தாளில் வரைந்து எடுத்துவந்து, இதேபோல் இருபது பாய் வேண்டும் என்றார். யாருடைய கரை என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கடை ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-இல் சட்டத்தைத் திருத்தவேண்டியிருந்த மாநிலம் இது. நாளெல்லாம் கால்கடுக்க நிற்கிற பிள்ளை, அந்த வலியோடு கடைக்கு ஒரு நல்லது யோசித்திருக்கிறாள். அந்தப் பாசத்தை எந்தச் சம்பளத்துக்கு வாங்கமுடியும்?

இன்று சாயங்காலம் மறுபடி போனேன். அவளைச் சேலைப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். வேட்டிப் பக்கத்தில் புதிதாக ஒரு பையன். பெரியவர் ஒருவர் எட்டு முழம் கேட்டு நின்றார். அவன் நாலாவது வேட்டியை விரித்துக்கொண்டிருந்தான்.