அந்தக் குப்பைக்கூடையில் கிடப்பவை எங்கள் பெயர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கின் காணொளியை நண்பர்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள் என்பதால், நடந்ததை முழுவதுமாக விவரிக்கப் போவதில்லை. மேடையில் இருந்த பேராசிரியரின் பெயரையும் எழுதமாட்டேன். அவருடைய நூல்களை மதித்துப் படித்தவன் நான். நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போன தன் முன்னோர் ஒருவரைத் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகங்களில் எப்படித் தேடுவது என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டார். "வெள்ளைக்காரனுடைய குப்பைக்கூடையில் போய்த் தாத்தாவைத் தேடப் போகிறாயா அம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அரங்கம் சிரித்தது. அந்தப் பெண் ஒலிவாங்கியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நகைச்சுவையைக் கூடவா பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள். இந்த நகைச்சுவையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்பதைச் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

அந்தக் குப்பைக்கூடையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம், அனுப்பப்பட்ட தோட்டம் ஆகியவற்றைப் பேரேடுகளில் எழுதிவைத்தார்கள். பாசத்தால் எழுதவில்லை என்பது எனக்கும் தெரியும். ஓடிப்போனால் பிடிப்பதற்காகத்தான் தழும்பைக்கூட எழுதினார்கள். ஆனால், நிலம் இல்லாததால் பட்டாவில் பெயர் ஏறாத, பள்ளிக்கூடத்தின் படியை மிதிக்காத, கோயில் கல்வெட்டில் இடம்பெற வழியே இல்லாத மனிதர்களின் பெயரை, அவர்களுடைய தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் சேர்த்து எழுதிய தாள் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று அந்தப் பேராசிரியர் காட்டட்டும். இங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது வீடுவீடாக எழுதிய சீட்டுகள்கூட நமக்கு மிஞ்சவில்லை. ஜமீன்தாரின் பேரனுக்குத் தாத்தாவைத் தேட ஆயிரம் இடம் உண்டு. பண்ணையாளின் பேத்திக்கு அந்தக் குப்பைக்கூடைதான் உண்டு.

என் குடும்பக் கதையைச் சொல்லாமல் இதை விளக்க எனக்குத் தெரியவில்லை. குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் பாட்டியின் பெரியப்பா முனுசாமி, மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனார். போனவரிடமிருந்து காசும் வரவில்லை, தகவலும் வரவில்லை. கையில் பணம் புரண்டதும் பெண்டாட்டி பிள்ளையை மறந்துவிட்டான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. எங்கள் வீட்டில் அவர் பெயர் மூன்று தலைமுறைக்கு ஒரு வசைச்சொல்லாகவே இருந்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போன என் மாமா இரண்டு மாதம் பணம் அனுப்பத் தவறியபோது, "இவனும் முனுசாமி ஆகிவிட்டான்" என்று பாட்டி சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். புருஷன் உயிரோடு இருந்தும் வாழாவெட்டி என்ற பெயரோடு அவருடைய மனைவி அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்திலேயே செத்துப்போனார்.

முன்னாள் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்தக் கப்பல் பேரேடுகளைப் பெயர் பெயராகப் படியெடுத்துக் கணினியில் ஏற்றினார்கள். இன்று அவை குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாக யாருக்கும் கிடைக்கின்றன. அதில் வடஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா என்று வடிகட்டி, முனிசாமி, மூன்சாமி, மூனியசாமி என்று ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்த விதங்களில் எல்லாம் தேடி, தகப்பன் பெயராலும் கிராமத்தாலும் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தபோது ஒருவர் மிஞ்சினார். அவருடைய பெயருக்கு நேரே குறிப்புப் பத்தியில் இறந்தார் என்றும் ஒரு தேதியும் இருந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் மூன்றாவது ஆண்டு அது. முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு என்பதுதான் ஒப்பந்தக் கூலி. அதிலும் வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தம். பெண்டாட்டியை மறக்கும் அளவுக்குப் பணம் புரண்ட கை அதுதான். ஊர் அவரைத் தூற்றிக்கொண்டிருந்த காலத்தில் பெரும்பகுதி அவர் உயிரோடே இல்லை.

செத்தவர் செத்துவிட்டார், இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று மேடையில் அடுத்துச் சொன்னாரே, அந்த வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதில். ஒரு மனிதர்மேல் நூறாண்டுக்கு மேலாகக் கிடந்த பழி போயிருக்கிறது. ஒரு பெண் கைவிடப்பட்டவள் அல்ல, விதவை என்று தெரிந்திருக்கிறது. இவையெல்லாம் ஒன்றுமில்லை என்றால், வரலாறு என்று நீங்கள் எழுதுவது எதை?

காலனிய ஆவணங்கள் பொய் சொல்லும் என்கிறார்கள். சொல்லும். சாதியைத் தப்பாக எழுதியிருக்கும், ஊரைச் சிதைத்திருக்கும், முகவர் சொல்லிக்கொடுத்த பெயரைச் சொல்லிக் கப்பலேறியவர்களும் உண்டு. இதையெல்லாம் ஆவணத்தோடு மல்லுக்கட்டும் எங்களுக்கு, ஆவணத்தைத் தொடாதவர்கள் பாடம் எடுப்பதுதான் வேடிக்கை. 1871-இல் நேட்டாலிலிருந்து சென்னைக்குத் திரும்பி வந்த கூலிகள், சவுக்கடியையும் பிடித்துவைத்த சம்பளத்தையும் பற்றி இங்கே அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அந்த முறையீட்டால்தான் 1872-இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்தது. குடியேறிகளுக்கென்று ஒரு பாதுகாவலர் பதவியும் வந்தது. அந்த வாக்குமூலங்கள் யாருடைய பெட்டியில் இருக்கின்றன? அதே வெள்ளைக்காரனுடைய பெட்டியில்தான். காலனியம் கொடுமையானது என்று மேடையில் முழங்குவதற்கான சான்றே அங்கிருந்துதான் வருகிறது. ஐயாவின் நூலைப் புரட்டிப் பாருங்கள். அடிக்குறிப்புகளில் பாதி, இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களைத்தான் சுட்டுகின்றன. பேராசிரியர் எடுத்தால் அது ஆய்வு, பேத்தி எடுத்தால் குப்பையா?

அந்த மாணவிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் கடினமானது அல்ல. வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் ஊர், தகப்பன் பெயர், போன காலம் மூன்றையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பேரேட்டில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் அவருடைய குடியேற்ற எண் கிடைத்துவிடும். தோட்டம் மாறியது, மறு ஒப்பந்தம் போட்டது, திருமணத்தைப் பதிந்தது, ஊர் திரும்பியது ஆகிய எதைத் தேடினாலும் அந்த எண்தான் திறவுகோல். பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் காப்பகங்களின் கோப்புத் தலைப்புகளை நார்ஸ் (NAAIRS) என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்னாப்பிரிக்க அரசின் இணைய அட்டவணையில் தேடலாம். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கிச் சிறு சொத்துச் சேர்த்தவராக இருந்தால், அவருடைய மரணச் சொத்துக் கோப்பில் உள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் பெயர்கள் வரிசையாக இருக்கும். இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சிரிக்கவைப்பதற்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும் என்பது உண்மைதான்.

அடுத்து வருவது, இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டு. நேற்று எனக்குத் தனிச்செய்தி அனுப்பிய ஒரு நண்பர், "விமான டிக்கெட் வாங்க முடிந்தவர்களின் துக்கம்" என்று எழுதியிருந்தார். என் மகன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்ப்பதால்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் என்னால் உட்கார முடிந்தது; அதை நான் மறைத்ததே இல்லை. ஆனால் முனுசாமியின் பெயர் எனக்குக் கிடைத்தது காப்பகத்தில் அல்ல, குடியாத்தத்தில், என் வீட்டுக் கணினியில். இலண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாசகர் அட்டை இலவசம். பென்சிலும் கைப்பேசியும் கொண்டுபோனால் கோப்புகளைப் படம் எடுத்துக்கொள்ளக் கட்டணம் இல்லை. பிரான்சில் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், புதுச்சேரி, காரைக்காலின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் கட்டணமின்றித் திறந்துவைத்திருக்கிறது. மொரீஷியஸில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறிகளின் பேரேடுகளோடு அவர்களில் பலருடைய புகைப்படங்களும் இருக்கின்றன. 2015-இல் அந்த ஆவணத் தொகுப்பை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. குடும்ப வரலாற்றுப் பதிவுகளைத் தேட உதவும் பேமிலிசர்ச் தளமும் இலவசம்தான். சில படச்சுருள்களை மட்டும் அவர்களுடைய மையங்களுக்கோ இணைப்பு நூலகங்களுக்கோ போய்த்தான் பார்க்க முடியும் என்பது ஓர் எரிச்சல். பணம் இல்லாதவர்களுக்குத் தடையாக இருப்பது விமானக் கட்டணம் மட்டுமல்ல. இவையெல்லாம் இருக்கின்றன என்றே அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நகைச்சுவை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வசதி படைத்தவர்கள் என்று சொல்பவர்கள், அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வருபவர்களைப் பார்த்ததுண்டா? சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் டர்பனிலிருந்து எங்கள் பகுதிக்கு வந்தார். ஆயுள் முழுக்கச் சேர்த்த காசில் செய்த பயணம் அது. தமிழில் நான்கைந்து சொற்கள் தெரியும். முருகன் பாட்டு ஒன்று முழுதாகத் தெரியும். ஜில்லா, தாலுகா, கிராமம், பாட்டனின் தகப்பன் பெயர் எல்லாம் எழுதிய ஒரு நகல் தாள் அவர் கையில் இருந்தது. வெளிநாட்டுக் காப்பகம் தர வேண்டியதைத் தந்து அனுப்பியிருந்தது. நம்முடைய அரசு அலுவலகம் ஒன்றில் நான் அவரோடு நின்றேன். பழைய பதிவேடுகள் எல்லாம் கரையான் அரித்துக் கழித்துக்கட்டியாயிற்று என்றார்கள். எந்த ஆண்டுவரை கழித்தீர்கள், கழித்ததற்குப் பட்டியல் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, "சார் எந்தப் பத்திரிகை?" என்று பதில் வந்தது. அந்த அம்மா என்னைத் தேற்றினார். குப்பைக்கூடை எது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சாதியைத் தேடிக்கொண்டுதான் போகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. பேரேட்டில் சாதிக்கு ஒரு பத்தி இருக்கிறது, அதைப் பார்த்ததும் மார் நிமிர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே மட்டும் என்ன, கல்யாண அழைப்பிதழைப் பார்த்தாலே நிமிர்த்துகிறார்கள். அதற்காக அந்தப் பக்கத்தையே மூடிவைக்கச் சொல்வீர்களா? இதற்குமேல் இதைப் பற்றி எனக்குப் பேச விருப்பமில்லை.

தில்லையாடி வள்ளியம்மையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நல்லது, வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள்மேல் விதித்த 3 பவுண்டு தலைவரியை எதிர்த்து 1913-இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கடலோரக் கரும்புத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்திய ஆயிரக்கணக்கானவர்களின் பெயரை இங்கே யார் சொல்கிறார்கள்? டர்பனில் 1860-ஐப் பெயரிலேயே தாங்கிய ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மொரீஷியஸின் போர்ட் லூயியில் கூலிகள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். இறங்கிய இடங்களில் நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். ஏறிய சென்னையில் அதற்கு நிகரான ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. போனவர்கள் நம்மை மறந்துவிட்டார்கள் என்று தூற்றுவதற்கு மட்டும் நமக்கு நூறாண்டு நேரம் இருந்தது.

ஆவணம் அங்கேயே பத்திரமாக இருக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு கோபம் என்றும் கேட்பீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையக் குற்றவாளிகள் தாக்கியதில், அதன் இணையப் பட்டியலே மாதக்கணக்கில் முடங்கிப்போனது. ஒரே இடத்தை நம்பியிருப்பவர்களின் கதி அதுதான். இந்தப் பேரேடுகளின் படிகள் இங்கேயும் வேண்டும், ஆராய்ச்சி மாணவர்களுக்கு மட்டும் என்ற பலகை இல்லாத இடத்தில் வேண்டும். நேட்டால் பட்டியலில் உள்ள வடஆற்காட்டுப் பெயர்களைத் தாலுகா, கிராம வாரியாகப் பிரித்துத் தமிழில் அச்சிட்டு, வேலூர் மாவட்ட மைய நூலகத்தின் திறந்த அலமாரியில் வைக்கச் சொல்கிறேன். மற்ற மாவட்டங்களுக்கும் அப்படியே செய்யலாம். பட்டியல் ஏற்கெனவே கணினியில் இருப்பதால் இதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை. எந்தத் துறைக்கு, எந்த அதிகாரிக்கு மனு எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குடியாத்தம் தாலுகாவுக்கான பிரிப்பை நான் தொடங்கிவிட்டேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் கிராமப் பெயர்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள் உடன் வந்தால் வேலை விரைவாக முடியும்.