'ஃபேண்டம்' பாட்டின் வேர் ரோமில் இருக்கிறது

பிரெஞ்சு எலெக்ட்ரானிக் இசை இரட்டையரான ஜஸ்டிஸ் முன்னுக்கு வந்த கதையை உங்கள் கட்டுரையில் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அவர்களின் இசைக்கு ஊற்றான இத்தாலிய சினிமாவை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தம். 2007-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் 'ஃபேண்டம்' என்று ஒரு பாட்டு உண்டு. அதன் அடிநாதமே இத்தாலியத் திகில் பட இயக்குநர் டாரியோ அர்ஜெந்தோவின் 1982 படமான 'டெனெப்ரே'யின் தலைப்பு இசையிலிருந்து எடுத்த துண்டுதான். கோப்ளின் என்ற இத்தாலிய ராக் இசைக்குழுவின் சிமோனெத்தி, மொரான்தே, பின்யாதெல்லி மூவரும் போட்டது அது.

படத்தில் அந்த இசை வரும் இடத்தைப் பாருங்கள். கேமரா ஒரு வீட்டின் வெளிச்சுவர் மேல் மெல்ல ஏறி, ஜன்னலைத் தடவி, கூரையைத் தாண்டி மறுபக்கம் இறங்குகிறது. வெட்டே கிடையாது! அப்புறம்தான் தெரிகிறது, அது உள்ளே ஒரு பெண் போட்டிருக்கும் இசைத்தட்டு என்று. மேலே வருகிற அந்த வோகோடர் குரல் (மனிதக் குரலை இயந்திரக் குரல் போல மாற்றும் கருவியில் வருவது) 'பௌரா' என்கிறது, இத்தாலிய மொழியில் பயம். அதே குரலைத்தான் ஜஸ்டிஸின் காஸ்பார் ஓஜேவும் ஸாவியே த ரோனேயும் நறுக்கி, பேஸ் எனும் அடித்தொனியை முறுக்கி, நடன அரங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

கிராமி விருதெல்லாம் சரி, வரட்டும். என்னைக் கேட்டால், பழைய திகில் பட இசையைக் கேலி செய்யாமல் மரியாதையோடு கையாண்டதுதான் அவர்களின் பெரிய சாதனை. முதலில் 'டெனெப்ரே' இசையைக் கேளுங்கள், உடனே 'ஃபேண்டம்' போடுங்கள். ஹெட்போனில், சத்தமாக.