பெட்டியில் போட்ட வாட்டும் வீட்டில் கேட்கும் சத்தமும்

ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் பேச்சு வந்தால், "ஸ்பெக்ஸ், அந்த எண்கள் எல்லாம் சும்மா, காதுதான் தீர்ப்பு சொல்லணும்" என்று அடித்துப் பேசுபவர் ஒருவர் எங்கள் நண்பர் வட்டத்தில் உண்டு. இன்னொருவர் எண்ணைக் காட்டாமல் வாயே திறக்கமாட்டார். எனக்கு இரண்டு பேரோடும் வழக்கு இருக்கிறது. எண்கள் முக்கியம்தான், ஆனால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பவை அல்ல.

வாட்டையே எடுத்துக்கொள்வோம். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் சத்தம் இரட்டிப்பாகிவிடும் என்று நம்பித்தான் சிங்கப்பூரின் மின்னணுப் பொருள் அங்காடியான சிம் லிம் ஸ்குவேரில் பலர் கூடுதல் வெள்ளியை எடுத்து வைக்கிறார்கள். சத்தத்தை அளக்கும் கணக்கில் கூடுவதோ 3 டெசிபல். "லேசாகக் கூட்டினாயா?" என்று கேட்கிற அளவு வித்தியாசம், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஸ்பீக்கர் கையேட்டில் 'சென்சிட்டிவிட்டி' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், ஒரு வாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்ற கணக்கு அது. 84 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட் தின்று தரும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்டிலேயே தந்துவிடும். கடைக்காரரிடம் இதை யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

ஸ்பீக்கர் தரும் ஒலி வரம்பு 20 ஹெர்ட்ஸ் (ஆழ்ந்த ஒலி) முதல் 20,000 ஹெர்ட்ஸ் (கீச்சொலி) வரை என்று போட்டிருந்தால், பக்கத்தில் ±3 டெசிபல் மாதிரி, அதாவது சத்தம் எவ்வளவு ஏறி இறங்கும் என்று, ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. ஆம்ப்ளிஃபயரின் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 0.01 சதவீதமா 0.001 சதவீதமா என்ற சண்டை நம் காதுக்கு எட்டாது. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறார்கள் என்று காட்டும் 192 கிலோஹெர்ட்ஸும் அப்படித்தான். 1982இல் வந்த சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே அதில் பாதி, ஏறக்குறைய 22,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பதிந்துவிடும், அதுவே மனிதக் காதின் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. நாற்பது தாண்டியவர்களுக்கு 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்டால் சந்தோஷப்படலாம்!

எந்தத் தாளிலும் இல்லாதது நம் ஹால். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, போதாததற்கு ஓரத்தில் பாம் ஷெல்டர் எனும் தடித்த கான்கிரீட் அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 3.4 மீட்டர் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி தேங்கி நிற்கும். தவில் ஒரு நாற்காலியில் குமுறும், பக்கத்து நாற்காலியில் காணாமல் போகும். திரைச்சீலையும் கம்பளமும் போட்டால் கீச்சென்ற மேல் ஒலிதான் அடங்கும், பேஸ் எனும் ஆழ்ந்த ஒலி அசையாது. வாட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்துக் கேளுங்கள். செலவில்லாத வைத்தியம், பலருக்கு இதுவே போதும்.

அப்புறம் இரவு. பத்தரைக்கு மேல் பக்கத்து வீட்டை நினைத்து நாம் குறைத்துத்தானே வைக்கிறோம்? சத்தம் குறையக் குறைய பேஸ் மட்டும் காதில் வேகமாகத் தேயும். இதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதை ஈடுகட்டத்தான் பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னெஸ்' பட்டன் இருந்தது. பல புது மாடல்களில் அழகு என்ற பெயரில் அதைத் தூக்கிவிட்டார்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் வாட்டைப் பார்க்கும் முன் அந்தப் பட்டன் இருக்கிறதா என்று பார்க்கலாம்.