ஷயானில் நமக்கென்ன வேலை?

அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்து ஷயான் ஊரில் நடக்கிற ரோடியோவுக்கு, அதாவது மாட்டுக்காரர்கள் குதிரையிலும் காளையிலும் ஏறி வித்தை காட்டுகிற போட்டித் திருவிழாவுக்கு, அம்மாவோடு போய் வந்தேன். அதை வைத்து வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த பஞ்சாயத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்க்ரீன்ஷாட் வந்திருக்கும். அதனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. "அது வெள்ளைக்காரன் திருவிழா, அங்க நமக்கென்ன வேலை? அம்மாவை வேற கூட்டிட்டுப் போயிருக்கீங்க" என்று கேட்ட அண்ணனுக்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது.

வேலை இருக்கிறது அண்ணே. டென்வரிலிருந்து வடக்கே நூறு மைல். 1897-இல் தொடங்கி, ஜூலைக் கடைசியில் நடக்கிற ரோடியோ. வரி கட்டுகிற ஊரில் திருவிழா பார்க்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

வெள்ளைக்காரன் திருவிழாவாம்! ஓடுகிற குதிரையிலிருந்து பாய்ந்து, மாட்டின் கொம்பைப் பிடித்து முறுக்கிச் சாய்க்கிற போட்டியைப் பிரபலமாக்கியவர் பில் பிக்கெட். டெக்சாஸ்காரர், கறுப்பினத்தவர். 1904-இல் இதே ஷயானில் செய்து காட்டியிருக்கிறார். சுருக்குக் கயிறு வீசும் வித்தையே மெக்சிகோ மாட்டுக்காரர்களிடம் கற்றதுதான். ஆரிகன் மாநிலத்துப் பெண்டில்டன் ஊர் ரோடியோவில் 1911-இல் ஜார்ஜ் ஃபிளெட்சர் என்ற கறுப்பின வீரருக்கு இரண்டாம் இடம் கொடுத்தார்கள். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஊர் ஷெரீஃப் ஒரு தொப்பியைத் துண்டு துண்டாக வெட்டிக் கூட்டத்திடம் விற்று, காசை ஃபிளெட்சரிடம் கொடுத்தார். ஓரவஞ்சனை நடந்ததும் அங்கேதான், தட்டிக் கேட்டதும் அங்கேதான்.

அம்மாவை இழுத்ததுதான் எனக்கு உறைத்தது. விசாவில் வந்து, ஜன்னல் வழியே பார்க்கிங் லாட்டைப் பார்த்தே பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தவர். மாட்டுக் கொட்டிலில் வளர்ந்தவர். கதவு திறந்து காளை துள்ளி வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தார். "டேய், திமிலைப் பாருடா. காது தொங்குறதைப் பாரு. இது நம்ம பக்கத்து மாடுல்ல?" உண்மைதான். துள்ளுகிற காளைகள் பலவற்றில் பிராமன் (Brahman) என்ற மாட்டினத்தின் ரத்தம் ஓடுகிறது. கிர், ஓங்கோல் என்று இந்தியாவிலிருந்து கப்பலேறிய மாடுகளின் வாரிசு. மாட்டுக்கு அங்கே வேலை இருக்கிறது, நமக்குத்தான் இல்லையாம்.

காளை மேல் எட்டு வினாடி தாக்குப்பிடிக்க வேண்டும், ஒரே கையில். இன்னொரு கை மாட்டின் மேல் பட்டால் போச்சு. நூறு மதிப்பெண்ணில் பாதி மாட்டுக்கு. "மாட்டுக்கும் மார்க்கா? அதுதான் நியாயம்" என்றார் அம்மா.

மாட்டை வதைக்கிறார்களே என்பீர்கள். கன்றைக் கயிறு வீசிச் சாய்த்தபோது எனக்கும் பிடிக்கவில்லை, அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி. ஆனால் இதைச் சொல்கிறவர் வீட்டு பார்பிக்யூவில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்புறம் அரசியல். பக்கத்தில் இருந்த தாத்தா யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று கேட்கவே வேண்டாம், சட்டையிலேயே எழுதியிருந்தது. அவர்தான் வெயில் ஏறியதும் எழுந்து, தன் நிழலான இடத்தில் அம்மாவை உட்கார வைத்தார். 1989-இல் லேன் ஃபிராஸ்ட் என்ற 25 வயதுப் பையன், எட்டு வினாடியை முடித்து இறங்கிய பிறகு காளை முட்டி இறந்தது இந்த மண்ணில்தான் என்று கை நீட்டிக் காட்டினார். இப்போது வீரர்கள் போடுகிற பாதுகாப்பு அங்கி அந்தச் சாவுக்குப் பிறகு வந்ததாம்.

ஒரு தாத்தாவை வைத்து ஊரையே நல்லவர்கள் என்கிறாயா? இல்லை. எங்களை ஏற இறங்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அது எனக்கென்ன புதுசா? சங்கத்துப் பொங்கல் விழாவில் எந்த ஊர் என்று கேட்டு, எந்தத் தெரு என்று கேட்டு, பதில் சொன்னதும் பேச்சைக் குறைத்துக்கொண்டவர்கள் நம் ஆட்கள்தானே அண்ணே? நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். நான் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று சொல்வது சிலருக்குப் பரம்பரைப் பழக்கம். கடல் தாண்டியும் விடவில்லை. அந்தத் தாத்தா என் தெருவைக் கேட்கவில்லை.

குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அங்கே எனக்காக ஒரு வார்த்தை பேசாதவர்கள், இப்போது இன்பாக்ஸில் வந்து, எப்போது போனால் நல்லது, பார்க்கிங் எப்படி என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் போட முடியாது: திங்கள், புதன், வெள்ளி காலையில் ஊருக்கு நடுவே பேன்கேக் இலவசம், வரிசை நீளம், சீக்கிரம் போங்கள். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் சொல்ல மாட்டேன்.