குளிர் வேறு, புற ஊதாக் கதிர் வேறு

மலையூரில் குளிராக இருப்பதால் நாள் முழுக்க நடந்தாலும் தோல் கருகாது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பலரும் ஆமோதித்திருக்கிறார்கள். நடப்பதற்கு மலை அருமையான இடம், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயம் நேர்மாறானது.

தோலைக் கருக்குவது காற்றின் சூடு இல்லை, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். மேலே போகப் போக அதை வடிகட்டும் காற்று மெலிகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் இந்தக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. புதுப் பனி கிடந்தால் இன்னும் மோசம், விழும் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். தொப்பி போட்டவருக்கும் மூக்கின் அடிப்பக்கம் சிவந்துபோவது இதனால்தான். குளிர்காற்றில் எதுவும் உறைக்காது; சாயங்காலம் முகம் கழுவும்போதுதான் எரிச்சலே தெரியும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மேகமில்லாத நாளில், நண்பகலில், போனில் வானிலைச் செயலியைத் திறந்து மலையூரையும் அடிவாரத்து ஊரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புற ஊதாக் குறியீடு (UV Index) என்று, இந்தக் கதிரின் பலத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். மலையில் வெப்பநிலை இறங்கியிருக்கும், இந்த எண் இறங்கியிருக்காது. 3 அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு தேவை. போனில் சிக்னல் இல்லையா? சரி, உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கும் நேரம் அது.