ஆழ்கடலில் 4 டிகிரி: ஒரு சிறு திருத்தம்

“நீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம், அதனால் எந்தக் கடலானாலும் அடியில் 4 டிகிரிதான்” என்று மேலே ஒரு பதிவு இருக்கிறது. பலரும் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன்.

அந்த 4 டிகிரி நன்னீர்க் கணக்கு. குளிர்நாட்டு ஏரிகளுக்குச் சரியாக வரும். பள்ளியில் படித்ததும் அதுதான், குழப்பம் இயல்பே. கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 25 கிராமைத் தாண்டினாலே அந்த விதி செல்லாது, உறையும்வரை (ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரி) குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். அதனால்தான் துருவப் பகுதியில் குளிர்ந்த நீர் மூழ்கி, பெருங்கடல்களின் அடியில் பரவுகிறது. 3000 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் 0 முதல் 3 டிகிரி. அண்டார்டிகா அருகே பூஜ்யத்துக்கும் கீழே.

சரிபார்ப்பது எளிது. ஆர்கோ மிதவைகள் (உலகக் கடல்களில் விடப்பட்டிருக்கும் தானியங்கிக் கருவிகள்) பத்து நாளுக்கொரு முறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து வெப்பநிலையை அளந்தபடியே மேலேறி வருகின்றன. தரவு இணையத்தில் இலவசம். மத்தியதரைக் கடலில் ஒரு மிதவை, தென்பெருங்கடலில் ஒன்று எடுத்து, இரண்டிலும் 2000 மீட்டர் ஆழத்தைப் பாருங்கள். முன்னதில் 13 டிகிரியை ஒட்டி இருக்கும் (ஜிப்ரால்டர் நீரிணையின் அடியிலுள்ள மேடு பெருங்கடலின் ஆழ்குளிர்நீரை உள்ளே விடுவதில்லை), பின்னதில் 3 டிகிரியைத் தாண்டுவதே அரிது.