கோல்ட்ரேனைக் குளிப்பாட்டியவர்களுக்கு

அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் பழைய லைவ் பதிவு ஒன்றை ஒருவர் "சுத்தம்" செய்து போட்டதை மூன்று நாளாக ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். யார் போட்டது என்று நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. "வில்லேஜ் கேட் ரெக்கார்டிங்கை ஏஐ வெச்சு சுத்தம் பண்ணிட்டேன். டிரம்ஸ் தொல்லை இல்லாம சாக்ஸ் மட்டும் கண்ணாடி மாதிரி கேக்கும். 80 நிமிஷத்தை 25 நிமிஷமா சுருக்கியாச்சு." கீழே வரிசையாக இதயக்குறிகள். "அருமையான சேவை தோழர்" என்று ஒருவர்.

சேவை! டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ் வாசித்தது தொல்லையாம். அந்தத் தொல்லையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கோல்ட்ரேன் ஐந்து வருடத்துக்கு மேல் ஊர் ஊராக வாசித்தார். அவருக்குக் காது சரியில்லை போலிருக்கிறது.

பொறுமையாகவே சொல்கிறேன். லைவ் பதிவில் இருக்கும் எதுவும் அழுக்கு கிடையாது. கைதட்டல், குவளைச் சத்தம், மைக்கை விட்டு விலகித் திரும்பி வரும் சாக்ஸ், காதோரம் வந்து இடிக்கும் சிம்பல், எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பதிவு.

அந்த டேப் எப்படி வந்தது என்பதைப் பார்த்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 1961 ஆகஸ்ட், நியூயார்க், கிரீன்விச் வில்லேஜ். வில்லேஜ் கேட் கிளப்பில் புதிதாக வைத்த சவுண்ட் சிஸ்டத்தைச் சோதிக்க ரிச்சர்ட் ஆல்டர்சன் என்ற ஒலிப்பதிவாளர் ஒரே ஒரு ரிப்பன் மைக்கில் எடுத்தது அது. ஆல்பம் போடும் எண்ணமெல்லாம் இல்லை. டேப் காணாமல் போய், நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவில் கிடைத்து, 2023-ல் இம்பல்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. கோல்ட்ரேன், இன்னொரு ஊதுகருவிக்காரர் எரிக் டால்ஃபி, பியானோவில் மக்காய் டைனர், பேஸ் எனும் பெரிய தந்திவாத்தியத்தில் ரெஜி வொர்க்மன், டிரம்ஸில் எல்வின். 'ஆப்பிரிக்கா' என்ற உருப்படியில் மட்டும் இரண்டாவது பேஸுக்கு ஆர்ட் டேவிஸ். மொத்தம் ஐந்தே உருப்படி.

ஒரே மைக் என்றால் என்ன ஆகும்? தூரம் இரட்டிப்பானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் விழும். டிரம்ஸ் பெரிதாகவும் பியானோ தள்ளியும் கேட்பதற்குக் காரணம் அவ்வளவுதான். அங்கே மிக்ஸிங் என்று தனியாக ஒன்று நடக்கவில்லை, மைக் இருந்த இடம்தான் மிக்ஸிங். அந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், 62 வருடம் கழித்து. அதில் உட்கார்ந்துகொண்டு "டிரம்மரை வெளியே அனுப்புங்க" என்கிறீர்கள்.

சரி, அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கோல்ட்ரேன் ஊதும் டெனர் சாக்ஸின் அடிச்சுரம் ஏறக்குறைய 104 ஹெர்ட்ஸ். வழக்கமான விரலடைப்பில் மேலே 660 வரை போகும். ஆனால் ஒவ்வொரு சுரத்தின் தலைமேலும் அதன் மடங்குகள் அடுக்கடுக்காக 8,000 ஹெர்ட்ஸைத் தாண்டி நிற்கின்றன. இது டெனரா, அதைவிடச் சின்ன சாக்ஸான சொப்ரானோவா, இன்று வாசிப்பவர் எந்த மனநிலையில் ஊதுகிறார் என்பதெல்லாம் அந்த அடுக்கில்தான் தெரியும். டிரம்மர் தாளம் தட்டும் ரைடு சிம்பலும் சில நூறு ஹெர்ட்ஸில் தொடங்கி 10,000-க்கு அப்பால் வரை அதே பகுதியில் குடியிருக்கிறது. ஒரே தடம் மட்டும் உள்ள மோனோ டேப்பில் இரண்டும் ஒரே அலை. பாலும் தண்ணீரும் கலந்தபின் பிரிக்க அன்னப்பறவை வேண்டும். நீங்கள் வைத்திருப்பது ஊகம் செய்யும் ஒரு புரோகிராம். "சாக்ஸ் வழக்கமாக இப்படி இருக்கும்" என்று ஆயிரக்கணக்கான பாட்டுகளில் பழகிய ஊகம். வழக்கமாக வாசிக்கும் ஆள் என்றால் பிழைத்தோம். இவர் கோல்ட்ரேன். ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுரம் சேர்ந்து பிளக்கும் ஊது, மேல்ஸ்தாயியில் கிறீச்சிடும் இழுப்பு, கட்டைக்குரலில் வரும் உறுமல் எல்லாம் அந்தப் புரோகிராமின் கணக்கில் இரைச்சல். முதலில் அதைத்தான் தின்னும். மிச்சம் இருப்பது தண்ணீருக்கடியில் முழுகிக்கொண்டே ஊதுகிற மாதிரி வழவழவென்று வரும். உங்களுக்கு அது கண்ணாடி.

நம்பவில்லையா? கழித்துப் பாருங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசம்தான். மூலத்தை ஒரு டிராக்கிலும் சுத்தம் செய்ததை இன்னொன்றிலும் வையுங்கள், சாம்ப்ளிங் ரேட் (ஒரு விநாடிக்கு ஒலியை எத்தனை முறை அளந்தது என்ற கணக்கு) இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு கூர்மையான குச்சியடியைப் பிடித்து, அலையைப் பெரிதாக்கி, இரண்டையும் சாம்பிள் பிசகாமல் ஒட்டுங்கள். ஒலி அளவைச் சமமாக்குங்கள். பிறகு ஒன்றை மட்டும் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். பொதுவாக இருப்பது அடிபட்டுப் போய், எடுத்து எறிந்தது மட்டும் கேட்கும். (எம்பி3 ஆக்கிய பிறகு செய்தால் சுருக்கியதன் குப்பையும் சேர்ந்து வரும். அளவு கொஞ்சம் பிசகினாலும் முழுப் பாட்டே லேசாகக் கேட்கும். அதனால் வேவ் ஃபைலில் செய்யுங்கள்.) நம்ம சேவைக்காரரின் ஃபைலில் எனக்கு மிஞ்சியது என்ன தெரியுமா? சிம்பலின் வால், அறையின் எதிரொலி, அதோடு சாக்ஸின் மேல் ஓரம் முழுவதும். கோல்ட்ரேனை எடுத்து எறிந்துவிட்டு கோல்ட்ரேனைத் தெளிவாக்கியிருக்கிறார்.

இந்த வாசிப்பே தொல்லை என்பது புதிய கருத்து என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள். 1961 நவம்பரில் 'டவுன்பீட்' என்ற ஜாஸ் பத்திரிகையில் ஜான் டைனன் இதே கோல்ட்ரேன்-டால்ஃபி கூட்டணியின் வாசிப்பை 'ஜாஸுக்கு எதிரானது' என்று எழுதினார். அவர் எழுதியதோடு நிறுத்திக்கொண்டார், டேப்பில் கை வைக்கவில்லை. அந்த வகையில் அவர் நாகரிகமானவர்.

சுருக்கியதற்கு வருகிறேன், இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதே நவம்பர் தொடக்கத்தில் வில்லேஜ் வேன்கார்ட் என்ற இன்னொரு நியூயார்க் கிளப்பில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் நான்கு இரவுகள் பதிவு செய்தார். அதில் 'சேஸிங் த ட்ரேன்' என்று ஒரு உருப்படி, 1962 எல்பி இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க அது மட்டும். 16 நிமிடம். எஃப் சுருதியில் 12 பார் புளூஸ், அதாவது 12 தாள அளவுகள் ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். பியானோ கிடையாது, டெனர், ஜிம்மி கேரிசனின் பேஸ், எல்வினின் டிரம்ஸ் மட்டும். 80 சுற்றுக்கு மேல் போகிறது, சுற்றுக்கு ஏறக்குறைய 12 விநாடி. முதல் பத்துச் சுற்று கணக்கு உங்கள் கையில் இருக்கும். பிறகு அவர் சுற்றின் விளிம்பைத் தாண்டி வாக்கியத்தை நீட்ட ஆரம்பிப்பார், உங்கள் விரல் தடுமாறும். கேரிசனைப் பிடித்துக்கொண்டால்தான் மறுபடி சுற்றின் முதல் தட்டுக்கு வந்து சேரலாம். ஒரு துணுக்கை எடுத்து, திருப்பி, தலையை வெட்டி, வாலை நீட்டி, அரை நிமிடம் அதையே குடைந்துவிட்டு விடுவார். அதில் "நல்ல இடம்" மட்டும் மூன்று நிமிடம் வெட்டிக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? காரணமே இல்லாமல் ஒருவர் கத்துகிற மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு "ஏன் இப்படிக் கத்துறார்" என்று கேட்பார்கள். வெட்டியது நீங்கள், கேள்வி அவருக்கு.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் கூட்டம் நமக்குத் தெரிந்ததுதான். அவர்களாவது அவர்கள் மட்டும் எழுந்து போகிறார்கள். மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

"வான் கெல்டரே எதிரொலி சேர்ப்பவர்தானே, அவர் செய்தால் கலை, இவர் செய்தால் குற்றமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், சேர்த்தார். வாசித்தவர்கள் உயிரோடு இருந்தபோது, அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது. முடிந்தது.

"கம்பெனியே வெட்டித்தானே விற்றது?" இது நியாயமான கேள்வி, கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. நான்கு இரவில் எடுத்ததில் 1962 எல்பிக்கு மூன்றே உருப்படி. முழுவதும் 22 டிராக்காக நான்கு சிடியில் வர 1997 ஆயிற்று. 'லைவ் அட் பேர்ட்லேண்ட்' என்று கிளப் பெயர் போட்ட அவருடைய இன்னொரு எல்பியில் 'அலபாமா'வும் 'யுவர் லேடி'யும் ஸ்டூடியோவில் எடுத்தவை. அதனால் கம்பெனி யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூல டேப் பத்திரமாக இருந்தது. இவருடைய 25 நிமிடம்தான் இப்போது தேடினால் முதலில் வந்து நிற்கிறது. மூலத்தின் பெயர்கூட அதில் ஒழுங்காக இல்லை.

இன்னொன்று, அந்த ஹம் சத்தம். "உய்ங்னு ஒண்ணு ஓடிக்கிட்டே இருந்துச்சு, எடுத்துட்டேன்" என்று பெருமை வேறு. மின்சாரத்திலிருந்து பதிவில் ஒட்டிக்கொள்ளும் சத்தம் அது. ரசிகர்கள் கைமாற்றிக் கைமாற்றி வந்த பழைய டேப்புகளின் வேகம் சரியா என்று பார்க்க அதுதான் அளவுகோல். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50. எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தில் அந்தக் கோடு 60-க்குப் பதில் 62-ல் நின்றால் டேப் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் வேகம், அரைச்சுரத்தில் பாதி தூரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரு முழு அரைச்சுரம் ஏறியிருந்தால் கிட்டத்தட்ட 6 சதவீதம். ஐரோப்பியச் சுற்றுப்பயண வானொலிப் பதிவுகளைச் சரிபார்க்கும்போது முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பாட்டை வைத்தும் பார்க்கலாம், ஆனால் சறுக்கும். 'இம்ப்ரெஷன்ஸ்' என்ற உருப்படி 16 பார் டி டோரியன் ஸ்கேலில், 8 பார் ஒரு அரைச்சுரம் மேலே ஈ ஃபிளாட்டில், மறுபடி 8 பார் டி. நடுவிலுள்ள எட்டில் காதை வைத்துவிட்டு "டேப் வேகம்" என்று குறைத்தவர்கள் உண்டு. ஹம் இருந்தால் அந்தத் தப்பு நடக்காது. அளவுகோலை உடைத்துப் போட்டுவிட்டு அறையைச் சுத்தம் செய்தேன் என்கிறார்.

"புதுசா கேக்கறவங்களுக்கு ஒரு வழி வேணும்ல சார்?" வேண்டும். வழி இருக்கிறது. ஒலி அளவை டிரம்ஸின் உச்சத்துக்கு வையுங்கள், சாக்ஸுக்கு வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் காது பழகி சாக்ஸ் தானாக முன்னால் வரும். சிம்பல் குத்தினால் உங்கள் பிளேயரில் 4,000 முதல் 8,000 வரை 2, 3 டெசிபல் இறக்குங்கள். பிடிக்காவிட்டால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், டேப்புக்கு ஒன்றும் ஆகாது. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ், அது அந்தச் சின்ன ஓட்டையில் வரவே வராது. பேஸ் போனால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அப்புறம் எல்லாம் இரைச்சல்தான். மோனோ பதிவை ஹெட்போனில் கேட்டால் மண்டைக்கு நடுவில் கூட்டமாக நிற்கும். ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள், முன்னும் பின்னும் பிரிந்து தெரியும். முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை எல்வினின் இடது காலை, அது மிதித்து மூடும் ஜோடித் தட்டை, அந்த ஹை-ஹாட்டை.

அப்படியும் சில பதிவுகள் கடினம்தான். 1967 ஏப்ரல் 23, ஹார்லெமில் ஓலடுன்ஜி மையத்தில் எடுத்தது, கோல்ட்ரேன் இறப்பதற்கு மூன்று மாதம்கூட இல்லை. ஒலி உடைந்து நொறுங்கியிருக்கும். உச்சம் தாங்காமல் தலை வெட்டுப்பட்ட அலைக்குள் மூலம் இல்லை, அதனால் எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. கற்பனையில் ஒன்றை வரைந்து தரும். புதியவர்கள் அங்கே ஆரம்பிக்க வேண்டாம். 1957 நவம்பர் 29 கார்னெகி ஹாலில் பியானோக்காரர் தெலோனியஸ் மாங்க்கோடு வாசித்ததில் ஆரம்பிக்கலாம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி எடுத்தது, 2005-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. பளிங்கு மாதிரி இருக்கும், யாரும் குளிப்பாட்டாமலேயே.

"இது மேட்டிமைத்தனம்" என்று எழுதியவருக்கு: ஒரே மைக்கில், சவுண்ட் சிஸ்டத்தைச் சோதிக்க எடுத்த டேப்பை அப்படியே கேளுங்கள் என்கிறேன். ஸ்டூடியோ பளபளப்பு வேண்டும் என்று அடம்பிடிப்பது நீங்கள். இதில் மேட்டிமை யாருடையது?

இதற்கும் கீழே வந்து "ரெண்டையும் கேட்டுட்டு அவங்கவங்க முடிவு பண்ணட்டுமே" என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். அந்த ஃபைலை மட்டும் "ஒரு தடவை திறந்த மனசோட கேளுங்க" என்று எனக்கு அனுப்பாதீர்கள். இன்பாக்ஸில் ஏற்கெனவே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் அனுப்பியது அந்த 25 நிமிடத்திலிருந்து வெட்டிய 40 விநாடி.